இணையவழி பேஸ்பால் மேலாண்மை விளையாட்டில் வெளிநாட்டு இளம் வீரர் தேடலுக்கான நிதி ஒதுக்கீடு

இணையவழி பேஸ்பால் மேலாண்மை விளையாட்டு என்பது மட்டையையோ பந்தையோ தொடாமல், ஒரு அணியின் தலைமை மேலாளராக இருந்து அதை நடத்தும் விளையாட்டு ஆகும். வீரர்களைத் தேடுவது, ஒப்பந்தம் பேசுவது, சம்பளம் கொடுப்பது, பயிற்சிக்கும் மருத்துவத்திற்கும் பணம் ஒதுக்குவது ஆகியவை பயனரின் வேலை. போட்டிகளைக் கணினி நடத்தி முடிவை மட்டும் சொல்லும். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் விதிகளைத் தழுவி இவை அமைக்கப்படுவதால், அந்த லீக்கில் உள்ள பணச்சிக்கல்கள் எல்லாம் இங்கும் வந்து சேர்கின்றன. அவற்றில் புதியவர்களை அதிகம் குழப்புவது, வெளிநாட்டு இளம் வீரர்களைத் தேடுவதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்வி.

இக்கட்டுரை வாட்இஃப்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ‘ஹார்ட்பால் டைனஸ்டி’ என்ற விளையாட்டை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பிற விளையாட்டுகளில் எண்கள் மாறலாம். கணக்குப் போடும் முறை பெரிதாக மாறாது.

விளையாட்டின் அமைப்பு

ஹார்ட்பால் டைனஸ்டியில் ஓர் ‘உலகம்’ என்பது 32 அணிகளைக் கொண்டது. ஒவ்வோர் அணிக்கும் ஓர் உரிமையாளர். அவர் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம். ஒரு பருவம் 162 ஆட்டங்கள். நாளொன்றுக்கு மூன்று ஆட்டங்கள் வீதம் நடப்பதால், ஒப்பந்தக் காலமும் பிளேஆஃப் சுற்றுகளும் சேர்ந்து ஒரு பருவம் நம் நாட்காட்டியில் ஏறக்குறைய மூன்று மாதங்களில் முடிகிறது.

பருவத் தொடக்கத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே அளவான 185 மில்லியன் டாலர், அதாவது பதினெட்டரைக் கோடி டாலர், கற்பனைப் பணமாகத் தரப்படுகிறது. ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே பணப்பை கொடுப்பது போன்றது இது. ஆனால் இங்கே அந்தப் பை வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. வீரர் சம்பளம், இளம் வீரர்களுக்கான தொகை, பயிற்சியாளர் சம்பளம், கல்லூரித் தேடல், உயர்நிலைப்பள்ளித் தேடல், வெளிநாட்டுத் தேடல், முன்தேடல், பயிற்சி, மருத்துவம் என்று ஒன்பது பங்காக அதைப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறையும்.

புதிய திறமை அணிக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று டிராஃப்ட்: அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும். மற்றொன்று வெளிநாட்டு வாசல். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, கியூபா, ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து வரும் இளைஞர்கள் வரிசையில் நிற்பதில்லை. யார் அதிகம் தருகிறாரோ அவருக்குக் கையெழுத்திடுவார்கள். நன்றாக ஆடி வெற்றிபெறும் அணிக்கு டிராஃப்டில் நல்ல இடம் கிடைக்காது என்பதால், முதல்தர இளம் வீரர் அதற்குக் கிடைக்கக்கூடிய வழி பெரும்பாலும் இந்த இரண்டாம் வாசல்தான். இந்த ஒதுக்கீட்டைப் பற்றி இவ்வளவு பேச்சு நடப்பதற்கு அதுவே காரணம்.

தேடல் நிதி எதை வாங்கித் தருகிறது?

வெளிநாட்டுத் தேடலுக்கு ஒதுக்கும் பணம் வீரரை வாங்குவதில்லை. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அந்தப் பணம் கண்ணை வாங்கித் தருகிறது. எத்தனை இளைஞர்கள் உங்கள் பட்டியலில் தோன்றுவார்கள் என்பதையும், அவர்கள் எதிர்காலத்தில் எட்டக்கூடிய திறன் என்று திரை காட்டும் எண்கள் எவ்வளவு நம்பகமானவை என்பதையும் அது தீர்மானிக்கிறது. வீரருக்குக் கையொப்பத் தொகை கொடுப்பது ‘இளம் வீரர்’ பங்கிலிருந்து.

ஒவ்வொரு வீரருக்கும் இன்றைய திறன், வருங்காலத் திறன் என்று இருவகை மதிப்பெண்கள் உண்டு. இன்றைய மதிப்பெண் உண்மையானது. வருங்கால மதிப்பெண் ஒரு ஊகம். தேடல் நிதி குறைவாக இருந்தால் ஊகம் மேலும் கீழும் அலையும்: 60-ஐத் தாண்டாத ஒருவரின் பந்துக் கட்டுப்பாட்டை 85 என்று காட்டும்; 85-ஐ எட்டக்கூடியவரை 70 என்று காட்டி உங்களைக் கடந்து போக வைக்கும். முதல் வகைப் பிழை பணத்தைக் கரைக்கும். இரண்டாவது வகைப் பிழை உங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்கு பருவம் கழித்து எதிரணியில் அவர் நிற்கும்போதுதான் உறைக்கும்.

இன்னொரு நுணுக்கம். வீரர் உங்கள் அணியில் சேர்ந்தபின் அவருடைய வருங்கால மதிப்பெண்ணைச் சொல்வது வெளிநாட்டுத் தேடல் பிரிவு அன்று, முன்தேடல் பிரிவு. சொந்த அணியிலும் பிற அணிகளிலும் ஏற்கெனவே உள்ளவர்களை அளப்பது அதன் வேலை. ஆகவே நேற்று 88 என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிய பையன் இன்று 79 ஆகத் தெரிவான். வீரர் மாறவில்லை, பார்க்கும் கண் மாறியிருக்கிறது. முன்தேடலைப் பூஜ்ஜியத்தில் வைத்திருக்கும் உரிமையாளர்கள் இதைப் பார்த்துப் பதறி, நல்ல வீரரை மலிவாக மாற்றிக்கொடுத்துவிடுவது உண்டு. அப்படிப்பட்டவர்கள் கையெழுத்திடும் முன்பே பழைய எண்களைத் தனியே குறித்து வைப்பது நல்லது.

ஒரு வீரரின் உண்மையான விலை

தேடல் நிதி வேறு, கையொப்பத் தொகை வேறு என்றாலும், கணக்கில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஓர் அணி வெளிநாட்டுத் தேடலுக்கு 20 மில்லியன் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் 8 மில்லியன் வீதம் இருவரை வாங்குகிறது. ஒருவரின் விலை 8 மில்லியன் என்று தோன்றும். ஆனால் தேடிய செலவில் பாதி அவர் தலையில் விழுவதால் உண்மை விலை 18 மில்லியன். அதே பருவத்தில் ஒருவரை மட்டுமே வாங்கியிருந்தால் 28 மில்லியன். ஒருவரையும் வாங்காவிட்டால் 20 மில்லியன் காற்றில் போயிற்று. மிச்சத்தை அடுத்த பருவத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது.

இதனால் கிடைக்கும் முடிவு எளிது. கண்ணுக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கைக்குப் பணம் வைக்காத ஒதுக்கீடு வீண். இருபது மில்லியனுக்குத் தேடி, அற்புதமான ஆறு பேரைக் கண்டுபிடித்து, அவர்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமையாளர்கள் எல்லா உலகத்திலும் இருக்கிறார்கள்.

கைப்பணம் போதாதபோது ஒரு வழி உண்டு. வீரர் சம்பளப் பங்கிலிருந்து இளம் வீரர் பங்குக்குப் பணத்தை மாற்றலாம். ஆனால் மாற்றினால் பாதிதான் வந்து சேரும்: 10 மில்லியன் எடுத்தால் 5 மில்லியன் கிடைக்கும். ஒரு பையனுக்கு 15 மில்லியன் தேவை. இளம் வீரர் பங்கில் 8 மில்லியன் இருக்கிறது. அதிலும் 4 மில்லியனை டிராஃப்டில் எடுத்தவர்களுக்கு வைத்தாக வேண்டும் என்று கொள்வோம். கையில் உள்ளது 4 மில்லியன். குறையும் 11 மில்லியனுக்காகச் சம்பளப் பங்கில் 22 மில்லியனை இழக்க வேண்டும். ஆக அவருக்காக அணி விட்டது 26 மில்லியன், தேடல் செலவு தனி. இந்தப் பாதிக்குப் பாதி இழப்பை முன்கூட்டியே எண்ணாமல் பருவத்தின் நடுவே ஏலத்தில் இறங்குவது, அவசரத்துக்கு வட்டிக்கடை வாசலில் போய் நிற்பதைப் போன்றது. தேவைப்படும் என்று தெரிந்தால் பருவத் தொடக்கத்திலேயே இளம் வீரர் பங்கைக் கூட்டி வைப்பது எவ்வளவோ மேல்.

வெளிநாட்டு இளைஞர்கள் எல்லாரும் ஒரே நாளில் சந்தைக்கு வருவதில்லை. பருவம் நகர நகர ஒருவர் பின் ஒருவராகத் தோன்றுகிறார்கள். முதலில் வந்த நடுத்தர வீரருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டால், மூன்று வாரம் கழித்து வரும் சிறந்தவருக்குக் கை காலியாக இருக்கும். காத்திருந்தால், சிறந்தவர் வராமலே பருவம் முடியலாம். இதற்குச் சூத்திரம் இல்லை. அனுபவமுள்ளவர்கள் செய்வது, ஒவ்வொரு வீரருக்கும் தாண்டக்கூடாத ஒரு தொகையை ஏலத்துக்கு முன்பே எழுதி வைப்பது. அதே பையனை இன்னும் எத்தனை அணிகள் பார்த்திருக்கின்றன என்பது தெரியாது என்பதால், ஏலச்சூடு எளிதில் ஏறிவிடும்.

4 மில்லியன் விதி

தேடல், பயிற்சி, மருத்துவம் போன்ற பிரிவுகளின் ஒதுக்கீட்டை ஒரு பருவத்தில் 4 மில்லியனுக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உச்சவரம்பு 20 மில்லியன். முழு விளையாட்டிலும் மிகவும் கவனிக்கத்தக்க விதி இதுவே என்று சொல்லலாம். 8 மில்லியனில் இருக்கும் அணி 20-ஐத் தொட 12, 16, 20 என்று மூன்று பருவங்கள் வேண்டும். 20-இலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்க ஐந்து பருவங்கள், அதாவது நம் கணக்கில் ஓராண்டுக்கும் மேல்.

எனவே இந்த ஒதுக்கீடு ஒரு பருவத்துக்கான முடிவன்று. இடைப்பட்ட பருவங்களில் அணி அரைகுறைக் கண்ணோடு இருக்கும். செலவு உண்டு, பயன் குறைவு. அத்துடன் இன்று கையெழுத்திடும் இளைஞர் மைனர் லீக்கின் படிகளில் ஏறி மேஜர் அணிக்கு வரவும் சில பருவங்கள் ஆகும். தேடலைக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து அதன் பலன் களத்தில் தெரிய ஆறேழு பருவம் ஆகிவிடலாம். இரண்டு பருவம் பார்த்துவிட்டு ‘இது சரிவரவில்லை’ என்று கீழே இறக்குபவர், ஏறிய செலவையும் இறங்கும் செலவையும் சேர்த்துக் கட்டுகிறார்.

பூஜ்ஜியமா, இருபதா?

பழகிய உரிமையாளர்களிடையே பரவலாக உள்ள கருத்து, வெளிநாட்டுத் தேடலை உச்சத்தில் வை, அல்லது முற்றிலும் கைவிடு என்பது. நடுவில் 10 மில்லியன் வைப்பவர், 20 வைத்தவர் பார்க்கும் வீரர்களில் ஒரு பகுதியை மங்கலாகப் பார்க்கிறார். சிறந்த வீரரை ஏலத்தில் பிடிப்பவர் பெரும்பாலும் தெளிவாகப் பார்த்தவரே, ஏனென்றால் அவரால்தான் துணிந்து பெரிய தொகை சொல்ல முடியும். மங்கலாகப் பார்த்தவர் ஏலத்தில் வென்றால், மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டது ஏன் என்று அவர் யோசிக்க வேண்டும். பொருளியலில் இதை வென்றவரின் சாபம் என்பார்கள்: மதிப்பு உறுதியாகத் தெரியாத பொருளின் ஏலத்தில், அதிகமாகத் தவறிய மதிப்பீடே வெல்லும்.

இருந்தாலும் இக்கருத்தை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. ஓர் உலகத்தில் 32 பேரில் இருபது பேர் உச்சத்தில் இருந்தால், அங்கே விலைகள் எகிறும். அவ்வுலகில் வெளிநாட்டுத் தேடலைக் கைவிட்டு, அந்த 20 மில்லியனைக் கல்லூரி, பள்ளித் தேடலுக்கும் சம்பளத்துக்கும் திருப்புபவர் லாபம் பார்க்கலாம். எல்லோரும் கைவிட்ட உலகத்தில் நேர்மாறு. பிறர் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே சரியான எண் அமையும். புதிய உலகத்தில் சேர்ந்தவர் முதல் பருவத்தில் யாருக்கு எவ்வளவு கையொப்பத் தொகை போயிற்று என்பதைக் கவனித்துவிட்டு முடிவெடுப்பதே என் பரிந்துரை.

வெளிநாட்டுத் தேடலைத் தூக்க நினைப்பவர்கள் பயிற்சி, மருத்துவப் பிரிவுகளிலிருந்து பணத்தை எடுப்பது இன்னொரு பிழை. வாங்கிய பையன் காட்டிய எண்ணை எட்ட வேண்டுமானால் பயிற்சியும் நல்ல பயிற்சியாளர்களும் வேண்டும். விதைக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்துவதில் பொருளில்லை.

‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்’ என்ற மற்றொரு புகழ்பெற்ற விளையாட்டில் ஏற்பாடு சற்று வேறு. அங்கே தேடலுக்கு ஒரு மொத்தத் தொகை. அதை மேஜர் லீக், மைனர் லீக், வெளிநாடு, டிராஃப்ட் என நான்காக விழுக்காட்டில் பிரிக்கலாம். தேடல் தலைவரின் தனித்திறமையும் கணக்கில் சேரும். வெளிநாட்டுச் செலவுக்கு வரம்பு வைக்கவும் லீக் நடத்துபவருக்கு வசதி உண்டு. இந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு உண்மை உலகத்தைப் பார்க்க வேண்டும்.

உண்மை உலகில்

மேஜர் லீக் அணிகள் வெளிநாட்டு இளைஞர்களை 16 வயதிலிருந்து ஒப்பந்தம் செய்யலாம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 1987-இல் டொமினிக்கன் குடியரசில் காம்போ லாஸ் பால்மாஸ் என்ற பயிற்சி முகாமைத் திறந்தது. இன்று 30 அணிகளுக்கும் அந்நாட்டில் முகாம்கள் உள்ளன. 16 வயதுப் பையனின் எதிர்காலத்தைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கையொப்பத் தொகைகளே சாட்சி. ஓக்லாண்ட் அணி 2008-இல் மைக்கேல் இனோவாவுக்கு 4.25 மில்லியன் டாலர் கொடுத்தது. முழங்கைக் காயத்தால் தளர்ந்த அவர் அந்த அணியின் மேஜர் லீக் சீருடையை அணியவே இல்லை. குள்ளமானவர் என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்ட வெனிசுவேலாவின் ஹோசே அல்துவேவை ஹூஸ்டன் 15,000 டாலருக்கு எடுத்தது. 2017-இல் அவர் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ரொனால்ட் அகூன்யாவின் தொகை 1,00,000 டாலர். ஹுவான் சோட்டோவுக்கு 2015-இல் 1.5 மில்லியன். சிகாகோ ஒயிட் சாக்ஸ் 7,00,000 டாலருக்கு எடுத்த ஃபெர்னாண்டோ தாத்திஸ் இளையவர், ஒரு போட்டியில்கூட அவர்களுக்காக ஆடும் முன்பே 2016-இல் ஒரு மூத்த பந்துவீச்சாளருக்குப் பதிலாக சான் டியேகோவுக்குப் போனார். அவர் பின்னர் நட்சத்திரமானதை ஒயிட் சாக்ஸ் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

2012 முதல் ஒவ்வோர் அணிக்கும் வெளிநாட்டு ஒதுக்கீட்டுத் தொகை ஒன்று நிர்ணயிக்கப்பட்டது. தாண்டினால் வரியும், 15 விழுக்காட்டுக்கு மேல் தாண்டினால் அடுத்த இரண்டு ஆண்டுகள் ஒருவருக்கு 3,00,000 டாலருக்கு மேல் தர முடியாத தண்டனையும் உண்டு. பணக்கார அணிகள் இதில் ஒரு வழியைக் கண்டன: ஓராண்டில் அள்ளி வாங்கிவிட்டு இரண்டாண்டு சும்மா இருப்பது. விளையாட்டின் ‘பூஜ்ஜியம் அல்லது இருபது’ கொள்கைக்கு இது உடன்பிறப்பு. 2015-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கியூபாவின் யோவான் மொன்காடாவுக்கு 31.5 மில்லியன் கொடுத்து, அதே அளவு வரியும் கட்டி, மொத்தம் 63 மில்லியனைச் செலவிட்டது. அடுத்த ஆண்டின் இறுதியில் அவரையும் வேறு சில இளைஞர்களையும் கொடுத்து கிறிஸ் சேலை வாங்கியது; 2018 உலகத் தொடரின் கடைசி விக்கெட்டை, மன்னிக்கவும், கடைசி அவுட்டை எடுத்தவர் அந்த சேல்தான். இளம் வீரர் அணியில் ஆடத்தான் வேண்டும் என்பதில்லை. அவர் ஒரு நாணயமும்கூட.

2017 முதல் வரம்பு தாண்டவே முடியாததாக ஆக்கப்பட்டது. 25 வயது நிரம்பாத வெளிநாட்டு வீரர்களும் அதற்குள் அடங்கினர். அதனால்தான் அந்த ஆண்டு ஜப்பானிலிருந்து வந்த 23 வயது ஷோஹெய் ஓதானிக்கு ஏஞ்சல்ஸ் அணியால் 2.315 மில்லியன் கையொப்பத் தொகை மட்டுமே தர முடிந்தது. அதே 2017-இல், வெளிநாட்டு ஒப்பந்தங்களில் தொகையை மறைத்து விதியை ஏய்த்ததற்காக அட்லாண்டா பிரேவ்ஸ் அணி பத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களை இழந்தது. அதன் தலைமை மேலாளர் ஜான் காப்பலெல்லாவுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டு, 2023-இல் நீக்கப்பட்டது.

இந்த எண்களுக்குப் பின்னால் பள்ளியை விட்டுவிட்டு, தனிப் பயிற்சியாளர்களிடம் வளரும் சிறுவர்கள் இருக்கிறார்கள். ‘புஸ்கோன்’ எனப்படும் அப்பயிற்சியாளர்கள் கையொப்பத் தொகையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். 16 வயதுக்கு வெகு முன்பே வாய்மொழி ஒப்பந்தங்கள் நடப்பதாகவும் தொடர்ந்து செய்திகள் வந்திருக்கின்றன. இதை மாற்ற வெளிநாட்டு வீரர்களுக்கும் ஒரு டிராஃப்ட் வேண்டும் என்று லீக் கேட்டது; 2022 ஜூலையில் வீரர் சங்கம் அதை ஏற்க மறுத்தது. விளையாட்டில் நாம் கடந்து போகும் 62 மதிப்பெண் பையனுக்கு வீடு இல்லை, குடும்பம் இல்லை. உண்மையில் கடந்து போகப்பட்டவனுக்கு இரண்டும் உண்டு.

இந்தியாவிலும் ஒருமுறை இப்படித் தேடினார்கள். 2008-இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டியில் வேகமாகப் பந்தெறிந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய இருவரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. அக்கதையை டிஸ்னி 2014-இல் படமாக்கியபோது இசையமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான்.